அயனிப் பரிமாற்றச் சவ்வுகளைக் கொண்டு கழிவுநீரை மின்வேதியியல் முறையில் சுத்திகரித்தல்: முழுமையான வழிகாட்டி

கழிவுநீரில் மிதக்கும் பொருளை வடிகட்டலாம், மட்கும் பொருளை நுண்ணுயிர்களுக்கு உணவாக்கலாம்; ஆனால் கரைந்து கிடக்கும் உப்புகளும் உலோக அயனிகளும் இவ்விரு வழிகளுக்கும் எளிதில் கட்டுப்படுவதில்லை. அவற்றைப் பிடிக்க உதவும் ஒரு பண்பு அவை தாங்கியிருக்கும் மின்னூட்டம். நேர்த்திசை மின்னோட்டத்தை நீரில் செலுத்தினால் நேரயனிகள் எதிர்மின்வாயை நோக்கியும், எதிரயனிகள் நேர்மின்வாயை நோக்கியும் நகரும். அந்த வழியில் ஒருவகை அயனியை மட்டும் கடக்கவிட்டு மற்றதைத் தடுக்கும் சவ்வுகளை மாறிமாறி நிறுத்தினால், ஒரு அறையில் உப்பு குறையும், அதை அடுத்த அறையில் உப்பு கூடும். எலக்ட்ரோடயாலிசிஸ் என்று தொழில்துறையில் அழைக்கப்படும் முறையின் சாரம் இவ்வளவே.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சவ்வு மாசை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. மின்வாயின் மேற்பரப்பில் நிகழும் வினைகள் மட்டுமே ஒரு பொருளை உண்மையில் சிதைக்கவோ உலோகமாகப் படியவைக்கவோ வல்லவை. எனவே, 'எந்த மாசு, எந்த வடிவில், எங்கே போய்ச் சேர வேண்டும்' என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் சவ்வு வாங்கக் கிளம்புவது வீண் செலவில் முடியும்.

சவ்வு எப்படித் தேர்ந்தெடுக்கிறது

அயனிப் பரிமாற்றச் சவ்வு என்பது நிலையான மின்னூட்டம் கொண்ட தொகுதிகள் பிணைக்கப்பட்ட பாலிமர்த் தாள். அதன் தடிமன் பெரும்பாலும் 0.1 முதல் 0.5 மி.மீ. வரை இருக்கும். நேரயனிச் சவ்வில் சல்போனேட் தொகுதிகள் எதிர்மின்னூட்டத்துடன் நிற்பதால் சோடியம், கால்சியம், நிக்கல் போன்றவை நுழைகின்றன, குளோரைடு விலக்கப்படுகிறது. எதிரயனிச் சவ்வில் குவாட்டர்னரி அமோனியம் தொகுதிகள் இதற்கு நேர்மாறாகச் செயல்படுகின்றன. இந்த விலக்கத்தின் கோட்பாட்டை வேதியியலாளர் டானன் 1911-இல் விளக்கினார். பல அறைகள் கொண்ட அமைப்பை மேயரும் ஸ்ட்ராஸும் 1940-இல் முன்வைத்தனர். 1950-இல் ஜூடாவும் மெக்ரேயும் உறுதியான செயற்கைச் சவ்வுகளை அறிவித்த பிறகே அது தொழிற்கூடத்துக்கு வந்தது.

விலக்கம் முழுமையானதல்ல. நீர்த்த கரைசலில் நன்றாகச் செயல்படும் சவ்வு, செறிவு கூடக்கூடத் தேர்வுத்திறனை இழக்கிறது. வடிவமைப்பில் இதைக் கணக்கில் சேர்க்காதவர்கள் பின்னர் மின்னோட்டத் திறன், அதாவது செலுத்தும் மின்னோட்டத்தில் உப்பை நகர்த்தும் பங்கு, ஏன் குறைகிறது என்று குழம்புகிறார்கள்.

படி 1: நீரைப் பகுத்தாய்தல்

மொத்தக் கரைந்த திடப்பொருளின் அளவும் மின்கடத்துதிறனும் மட்டும் எழுதப்பட்ட ஆய்வறிக்கை இந்த வேலைக்குப் போதாது. முக்கிய நேரயனிகள், எதிரயனிகள் ஒவ்வொன்றின் செறிவும் மில்லி சமான அலகில், அதாவது அயனிகளை அவற்றின் மின்னூட்டத்தை வைத்து எண்ணும் அலகில் வேண்டும். இரு பக்கக் கூட்டுத்தொகைகளும் ஏறத்தாழ 5 சதவீதத்துக்குள் பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு அயனி அளக்கப்படாமல் விடுபட்டிருக்கிறது அல்லது அளவீட்டில் பிழை இருக்கிறது என்று பொருள். இவற்றுடன் பி.எச்., இரும்பு, மாங்கனீசு, சிலிக்கா, எண்ணெய், சோப்புத்தன்மை கொண்ட பரப்பியங்கிகள், சி.ஓ.டி. எனப்படும் வேதி ஆக்சிஜன் தேவை, எஞ்சிய குளோரின் ஆகியவற்றையும் அறிய வேண்டும்.

அளவைவிட வடிவம் முக்கியம். 'தாமிரம் இருக்கிறது' என்று அறிக்கை சொன்னால், அது தனித்த நேரயனியாக இருக்கிறதா, சயனைடுடன் பிணைந்து எதிரயனியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும்; இரண்டாவது நிலையில் அது எதிர்த்திசையில் நகர்ந்து எதிரயனிச் சவ்வைக் கடக்கும். மூவிணைதிற குரோமியம் அமில நீரில் நேரயனி. அறுவிணைதிற குரோமியமோ ஆக்சிஜனுடன் சேர்ந்த எதிரயனி. அம்மோனியாவின் நிலை இன்னும் சுவையானது: பி.எச். 9.25-க்கு அருகில் அதில் பாதி அம்மோனியம் அயனியாகவும் பாதி மின்னூட்டமற்ற அம்மோனியாவாகவும் இருக்கிறது, மேலே போகப்போக அயனி மறைந்துவிடுகிறது. மின்னூட்டம் போய்விட்டால் மின்புலத்துக்கு அதன்மேல் பிடி இல்லை. போரிக் அமிலமும் மூவிணைதிற ஆர்சனிக்கும் நடுநிலை நீரில் இதே காரணத்தால் நகர மறுக்கின்றன. ஐந்திணைதிற ஆர்சனிக் எதிரயனியாக இருப்பதால் நகரும். சர்க்கரை, ஆல்கஹால், கரைந்த சிலிக்கா, பாக்டீரியா ஆகிய அனைத்தும் உப்பகற்றிய நீரிலேயே தங்கிவிடும். ஆகவே, வெளிவரும் நீரின் மின்கடத்துதிறன் குறைந்துவிட்டதைப் பார்த்து அது தூய்மையாகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

படி 2: அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

உப்பைக் குறைத்து நீரை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருவது மட்டுமே நோக்கம் என்றால் நேரயனிச் சவ்வும் எதிரயனிச் சவ்வும் மாறிமாறி வரும் வழக்கமான அடுக்கு போதும். படிவு உண்டாக்கும் கால்சியமும் சல்பேட்டும் மிகுந்த நீரானால், 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மின்முனைகளை மாற்றும் முனைமாற்று முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முனை மாறும்போது, உப்பு குறையும் நீர்க்கும் அறை, உப்பு கூடும் செறியும் அறையாகிறது. அப்போதுதான் முளைவிடத் தொடங்கிய படிவு மறுபடி கரைகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சிறிது நேரம் வரும் தரம் குறைந்த நீரைத் திருப்பிவிட வால்வுகள் தேவைப்படும்.

உலோகத்தை மீட்பதே குறி என்றால், ஒரே சவ்வால் பிரிக்கப்பட்ட இரு அறைகள் கொண்ட சவ்வு மின்பகுப்புக் கலம் பொருத்தமானது. குரோமியப் பூச்சுத் தொட்டியின் கரைசலைப் புதுப்பிக்கும் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: நேர்மின்வாய் அறையில் மூவிணைதிறக் குரோமியம் மீண்டும் அறுவிணைதிறமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது, இரும்பு, தாமிரம் போன்ற வேற்று உலோக நேரயனிகள் சவ்வைக் கடந்து மறு அறைக்குப் போய்விடுகின்றன.

மூன்றாவது வழி இருமுனைச் சவ்வு. நேரயனித் தாளும் எதிரயனித் தாளும் ஒட்டிய இச்சவ்வின் நடுவே நீர் மூலக்கூறு பிளந்து ஹைட்ரஜன் அயனியையும் ஹைட்ராக்சைடு அயனியையும் தருகிறது. இதற்குக் கோட்பாட்டளவில் தேவையான மின்னழுத்தம் 25 பாகை செல்சியசில் 0.83 வோல்ட், நடைமுறையில் அதற்கு மேல். சோடியம் சல்பேட் போன்ற ஒரே உப்பு நிறைந்த கழிவிலிருந்து அமிலத்தையும் காரத்தையும் திரும்பப் பெற இது உதவும். ஆனால் கால்சியமும் மெக்னீசியமும் மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் ஹைட்ராக்சைடாகப் படிந்து சவ்வைக் கெடுத்துவிடும் என்பதால், கலப்படமான கழிவுநீருக்கு நேரடியாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: முன்சுத்திகரிப்பு

சவ்வு அடுக்குகள் பழுதாவதற்கான காரணம் பெரும்பாலும் அடுக்குக்கு வெளியேதான் இருக்கிறது. எண்ணெயையும் மிதக்கும் துகள்களையும் முதலில் நீக்கி, இறுதியாக 10 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய வடிகட்டி வழியாக நீரைச் செலுத்த வேண்டும். இரும்பு லிட்டருக்கு 0.3 மி.கி., மாங்கனீசு 0.1 மி.கி. என்ற எல்லைகளுக்குள் இருப்பது நல்லது. எஞ்சிய குளோரின் எதிரயனிச் சவ்வின் தொகுதிகளைச் சிதைப்பதால், சோடியம் பைசல்பைட்டைச் சேர்த்தோ செயலூட்டிய கரியின் வழியாகவோ அதை அகற்ற வேண்டும்.

சாயங்கள், மட்கிய பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம், எதிர்மின்னூட்டப் பரப்பியங்கிகள் ஆகிய பெரிய கரிம எதிரயனிகள் குறித்துத் தனி எச்சரிக்கை தேவை. இவை எதிரயனிச் சவ்வுக்குள் நுழையும், ஆனால் பருமன் காரணமாக மறுபக்கம் வெளியேறாது. உள்ளேயே சிக்கி மின்தடையை உயர்த்திக்கொண்டே போகும். சாய ஆலைக் கழிவை உயிரியல் முறையிலோ திரட்டல் முறையிலோ நிறம் நீக்காமல் சவ்வுக்கு அனுப்புவது, சவ்வைத் தெரிந்தே பலிகொடுப்பது.

படி 4: சவ்வைப் பதப்படுத்தி அடுக்கைக் கோத்தல்

புதிய சவ்வுகள் உலர்ந்தோ பாதுகாப்புக் கரைசலில் ஊறியோ வரும். அவற்றை நீர்த்த சோடியம் குளோரைடு கரைசலில் ஒரு நாளாவது ஊறவைத்து, முழுமையாக விரிந்த பின்பே வெட்டவும் துளையிடவும் வேண்டும். உலர்ந்த நிலையில் வெட்டிய தாள், விரியும்போது சுருக்கம் விழுந்து மடிந்து கசிவுக்கு வழிசெய்யும்.

அடுக்கின் வரிசை: மின்வாய், மின்வாய் அறை, நேரயனிச் சவ்வு, சவ்வுகளுக்கு இடையே இடைவெளி காக்கும் ஸ்பேசர் எனப்படும் வலை, எதிரயனிச் சவ்வு, மறுபடி வலை, மறுபடி நேரயனிச் சவ்வு. இரு முனையிலும் மின்வாயை ஒட்டி நேரயனிச் சவ்வே வரும்படி கோப்பது வழக்கம். அப்போது குளோரைடு நேர்மின்வாயைத் தொடுவது குறையும். ஒரு நீர்க்கும் அறை, ஒரு செறியும் அறை, அவற்றின் இரு சவ்வுகள் சேர்ந்தது ஓர் அறை இணை. ஒரே ஒரு சவ்வு இடம் மாறினாலும் அந்த இணையின் வேலை தலைகீழாகிவிடும். ஆகவே கோக்கும்போது ஒருவர் அடுக்க, மற்றொருவர் எண்ணிக் குறிப்பெடுப்பதே பாதுகாப்பு. எல்லாத் திருகுகளையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். நீர்க்கும் அறையின் அழுத்தம் செறியும் அறையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கட்டும்; கசிந்தாலும் சுத்தமான பக்கத்திலிருந்தே கசியும்.

மின்னோட்டம் இல்லாமல் ஒரு பக்கம் உப்புக் கரைசலையும் மறுபக்கம் தூய நீரையும் ஓடவிட்டு, தூய நீரின் மின்கடத்துதிறன் வேகமாக ஏறுகிறதா என்று பார்ப்பது எளிய கசிவுச் சோதனை.

படி 5: வரம்பு மின்னோட்டத்தைக் கண்டறிதல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு இயக்கத் தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் 'இந்த முறை சரிவராது' என்று கைவிடுகிறார்கள். சவ்வுக்குள் அயனி நகரும் வேகம், நீரிலிருந்து சவ்வின் மேற்பரப்புக்கு அயனி வந்துசேரும் வேகத்தைவிட அதிகம். எனவே நீர்க்கும் அறையில் சவ்வை ஒட்டிய மெல்லிய அடுக்கில் உப்பு வறண்டுபோகிறது. மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அங்கே உப்புச் செறிவு ஏறக்குறைய பூச்சியமாகிவிடும், அதுவே வரம்பு. அதற்கு மேல் செலுத்தும் மின்சாரத்தின் ஒரு பங்கு உப்பை நகர்த்தாமல் நீரைப் பிளக்கிறது, பி.எச். மாறுகிறது, எதிரயனிச் சவ்வின் செறிந்த பக்கத்தில் ஹைட்ராக்சைடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் படிகிறது. நிக்கல் கலந்த நீரில் நேரயனிச் சவ்வின் மேலேயே நிக்கல் ஹைட்ராக்சைடு பச்சையாகப் பூக்கும்.

சோதனையை இவ்வாறு செய்யலாம். வெளிவரும் இரு ஓடைகளையும் ஒரே தொட்டியில் மறுபடி கலந்தால் செறிவு மாறாது. வெப்பநிலையையும் ஓட்ட வேகத்தையும் நிலையாக வைத்துக்கொண்டு, அறை இணை ஒன்றுக்கு 0.1 வோல்ட் வீதம் மின்னழுத்தத்தை உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் அளவு நிலைபெறும்வரை காத்திருந்து மின்னோட்டத்தையும் பி.எச். அளவையும் குறிக்க வேண்டும். பின்னர் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துவரும் தடையை, மின்னோட்டத்தின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக வரைபடமாக்க வேண்டும். கோவனும் பிரவுனும் 1959-இல் அறிமுகப்படுத்திய இவ்வரைபடத்தில் கோடு திசை திரும்பும் இடமே வரம்பு மின்னோட்டம். இயக்க மின்னோட்டத்தை அதன் 70 முதல் 80 சதவீதத்தில் நிறுத்துவது வழக்கம்.

சோதனையை உள்வரும் நீரின் செறிவில் செய்வது பயனற்றது. வரம்பு மின்னோட்டம் செறிவுக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில் இருப்பதால், நீர் மிகவும் நீர்த்திருக்கும் வெளியேறும் முனையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். அந்த இறுதிச் செறிவிலேயே சோதிக்க வேண்டும்.

படி 6: அளவைக் கணக்கிடுதல்

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 1 கன மீட்டர் நீரில் சோடியம் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லி சமானம், அதாவது ஏறத்தாழ 3.5 கிராம், அதை 10 மில்லி சமானமாகக் குறைக்க வேண்டும். ஒரு கன மீட்டரிலிருந்து அகற்ற வேண்டியது 50 சமானம். ஒரு சமானத்துக்கு 96,485 கூலும் என்ற பாரடே மாறிலியால் பெருக்கி, 3,600 வினாடிகளால் வகுத்தால் 1,340 ஆம்பியர் வருகிறது. மின்னோட்டத் திறன் 85 சதவீதம் என்று கொண்டால் தேவை ஏறத்தாழ 1,580 ஆம்பியர்.

இவ்வளவு மின்னோட்டம் மின்வாயில் பாய வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் அழகு. ஒரே மின்னோட்டம் எல்லா இணைகளையும் தொடராகக் கடப்பதால், 100 இணைகள் இருந்தால் 15.8 ஆம்பியர் போதும். வரம்புச் சோதனையில் சதுர மீட்டருக்கு 100 ஆம்பியர் கிடைத்து, 80 ஆம்பியரில் இயக்க முடிவுசெய்தால், ஒவ்வொரு சவ்விலும் பயன்படும் பரப்பு 0.2 சதுர மீட்டர் அளவில் அமையும். இணைக்கு 0.6 வோல்ட், மின்வாய்களுக்கு 4 வோல்ட் என்றால் மொத்தம் 64 வோல்ட். ஆக, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட்-மணி. நீரேற்றும் பம்புகளின் செலவு தனி. அகற்றும் உப்பு இரட்டித்தால் இந்த ஆற்றலும் இரட்டிக்கும். குறைந்த உப்புள்ள நீருக்கு இந்த முறை சிக்கனமாகவும், கடல்நீர் போன்றவற்றுக்கு, அழுத்தத்தால் நீரைச் சவ்வு வழியே தள்ளி உப்பைத் தடுக்கும் எதிர்ச் சவ்வூடுபரவலைவிடச் செலவு மிக்கதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

படி 7: இயக்குதல்

தொடங்கும்போது முதலில் நீர், பிறகு மின்சாரம். நிறுத்தும்போது முதலில் மின்சாரம், பிறகு நீர். ஓட்டம் நின்றால் மின்னோட்டம் தானாகத் துண்டிக்கப்படும்படி இணைப்பு இருந்தே ஆக வேண்டும், இல்லையேல் ஸ்பேசர்களும் சவ்வுகளும் சில நிமிடங்களில் கருகிவிடும்.

மின்வாய் அறைகளில் தனிக் கரைசல் சுற்ற வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 14 கிராம் சோடியம் சல்பேட் கொண்ட 0.1 மோலார் கரைசல் பரவலாகப் பயன்படுகிறது. குளோரைடைப் பயன்படுத்தினால் நேர்மின்வாயில் குளோரின் வாயு கிளம்பும். எதிர்மின்வாயில் எப்படியும் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதத்தை எட்டினாலே ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால், கரைசல் தொட்டியின் வாயுவைத் திறந்த வெளிக்குக் குழாய் வழியே கொண்டுபோக வேண்டும். ஈரமான தரை, உப்பு நீர், திறந்த நேர்த்திசை மின்சாரம் மூன்றும் கூடும் இடம் இது. அடுக்கின் வெளிப்புறத்தை மூடாமல் இயக்கக் கூடாது.

நாள்தோறும் குறிக்க வேண்டியவை மின்னழுத்தம், மின்னோட்டம், இரு ஓடைகளின் மின்கடத்துதிறன், பி.எச்., அழுத்த வேறுபாடு, வெப்பநிலை. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 2 சதவீதம் உயரும்; ஆகவே இரு நாட்களின் அளவுகளை ஒப்பிடும் முன் வெப்பநிலையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதே மின்னோட்டத்துக்கு மின்னழுத்தம் மெல்ல ஏறினால் படிவோ கரிம அழுக்கோ சேர்கிறது. மின்னழுத்தம் மாறாமல் உப்பகற்றும் அளவு மட்டும் குறைந்தால் கசிவையோ கிழிந்த சவ்வையோ தேட வேண்டும். தாதுப் படிவுக்கு 2 முதல் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும், கரிம அழுக்குக்குக் காரம் சேர்த்த 5 சதவீத உப்புக் கரைசலும் சுழற்றப்படுகின்றன. எதிரயனிச் சவ்வு வலிய காரத்தில் நெடுநேரம் தாங்காது. தயாரிப்பாளர் தரும் பி.எச். எல்லையை மீற வேண்டாம்.

படி 8: செறிநீருக்கு வழி காணுதல்

செறியும் அறையிலிருந்து வெளிவரும் நீரே செறிநீர். படி 6-இன் எடுத்துக்காட்டில், ஒரு கன மீட்டரிலிருந்து நகர்ந்த உப்பு 100 லிட்டர் கழிவுநீரில் சேர்ந்தால், அங்கே 3 கிலோவுக்கும் மேற்பட்ட உப்பு நிற்கும். அயனிகள் தம்மைச் சூழ்ந்த நீரையும் இழுத்துக்கொண்டு வருவதால் அதன் கன அளவும் சற்றுக் கூடும். எனவே எல்லையில்லாமல் செறிவேற்ற முடியாது. ஆனால் எதிர்ச் சவ்வூடுபரவல் அழுத்தத்தால் தடைபடும் செறிவையும் இம்முறை தாண்டிச் செல்லும். ஜப்பானில் 1972 முதல் கடல்நீரை இவ்வகைச் சவ்வுகளால் செறிவூட்டி உணவு உப்பு பெருமளவில் தயாரிக்கப்படுகிறது.

செறிநீரில் ஒரே உலோக உப்பு இருந்தால் அதைப் பூச்சுத் தொட்டிக்கே திருப்பலாம். நிக்கல் அலசுநீருக்கு இது நன்கு பொருந்துகிறது. பல உலோகங்கள் கலந்திருந்தால் ஹைட்ராக்சைடாக வீழ்படியச் செய்து சேற்றைத் தனியே கையாள வேண்டும். கலப்பு உப்புகள் என்றால் ஆவியாக்கியைத் தவிர வேறு வழி அரிது. முன்பே கன அளவு பத்தில் ஒரு பங்காகிவிட்டதால் ஆவியாக்கியின் சுமை குறையும் என்பதே ஆதாயம். கரிமப் பொருளைச் சிதைக்க நேர்மின்வாய் ஆக்சிஜனேற்றத்தை இணைக்க விரும்பினால், குளோரைடு நிறைந்த செறிநீரில் குளோரேட்டும் குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களும் உருவாகக்கூடும் என்பதால், அவற்றைச் சோதிக்க வசதியில்லாத இடத்தில் அதைத் தொடங்க வேண்டாம்.

நீண்ட நிறுத்தம்

சில நாட்களுக்கு மேல் இயக்கம் நிற்குமானால், அமிலத்தால் கழுவி, உப்பு நீரால் நிரப்பி, சவ்வுகள் உலராதபடி எல்லா வாய்களையும் அடைத்துவிட வேண்டும். வாரக்கணக்கில் நீடித்தால் நுண்ணுயிர் வளராமல் தடுக்கும் பொருளைத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் அளவில் சேர்க்க வேண்டும். குளோரின் சார்ந்தவற்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மறுபடி இயக்கும் நாளில் கசிவுச் சோதனையையும், குறைந்தது ஒரு வரம்பு மின்னோட்டச் சோதனையையும் செய்து, பழைய வரைபடத்துடன் ஒப்பிட்ட பின்பே முழு மின்னோட்டத்துக்குப் போக வேண்டும்.